வடக்கே ஒரு கதவு இருக்கிறது

படம் காட்டும் விளையாட்டுகளை நான் மதிப்பதில்லை சார். நீங்கள் உள்ளே வந்ததும் மேசையைப் பார்த்து, "இதென்னங்க, டைப்ரைட்டருக்கு டிவி வெச்சிருக்கீங்க" என்று கேட்டீர்களே, அந்த ஒரு கேள்விக்காகவே உங்களுக்கு நல்லது நடக்கும். தாவூதைக் காணோம் என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அதை நான் மறக்கவில்லை. இரண்டும் ஒரே விஷயம்தான். டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

இது கம்ப்யூட்டர். தாவூதின் மகன் குவைத்திலிருந்து அனுப்பியது. தர்மபுரி ஜில்லாவிலேயே இது ஒன்றுதான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கலெக்டர் ஆபீசில் இன்னொன்று இருப்பதாகக் கேள்வி; அதை நான் நம்புவதில்லை. இதை டிவியில் மாட்டினால்தான் எழுத்து தெரியும்; தாவூது வீட்டில் பெண்கள் டிவியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எனக்கு வீட்டில் யாரும் இல்லை, டிவி சும்மா கிடந்தது. அதனால் புளி மண்டியைப் பூட்டிவிட்டு அவர் தினமும் மத்தியானம் இங்கே வந்துவிடுவார். விளையாட்டு ஒரு கேசட்டில் இருக்கிறது. அது கம்ப்யூட்டரில் ஏறும்போது போடும் கீச்சுச் சத்தத்தில் எங்கள் தெரு நாய்கள் மொத்தமும் ஓசூருக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. போகாத நாள் ஏது?

திரையில் எழுத்து மட்டும்தான் வரும். "நீங்கள் ஒரு கோட்டை முற்றத்தில் நிற்கிறீர்கள். வடக்கே ஒரு கதவு இருக்கிறது." அவ்வளவுதான். அது இங்கிலீஷில் சொல்லும், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். நாம் இரண்டே சொல்லில் பதில் தட்ட வேண்டும். விளக்கை எடு. வடக்கே போ. சரியாகச் சொன்னால் நடக்கும். தப்பாகச் சொன்னால், "அது எனக்குப் புரியவில்லை" என்று சொல்லிவிட்டுக் கம்மென்று காத்திருக்கும். படத்தில் கோட்டையைப் பார்த்தால் அது யாரோ கட்டிய கோட்டை. எழுத்தில் படித்தால் நானே கட்டியது. என் கோட்டை அதியமான் கோட்டையைவிடப் பெரியது, அகழியில் முதலை எல்லாம் உண்டு. கேசட்டில் முதலை கிடையாது.

சிலர் அந்த இயந்திரத்துக்கு இரக்கம் போதாது என்பார்கள். எனக்கு அதன் இரக்கமின்மைதான் பிடித்தது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். டிரங்க் கால் போட வருகிறவர்கள் அழுவார்கள், திட்டுவார்கள், அப்பா சாகக் கிடக்கிறார் என்பார்கள். "லைன் கிடைக்கலைங்க" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். கோபம் கூடாது, பரிவும் கூடாது. பரிவு காட்டினால் பேச்சை வளர்ப்பார்கள். என்னைப் போல அதைச் சொல்லத் தென்னிந்தியாவில் ஆள் கிடையாது. இந்த இயந்திரம் பேசுவதைப் படித்ததும் எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்தது போல இருந்தது.

தாவூது அப்படி இல்லை. அவர் வியாபாரி. பேரம் பேசாமல் அவருக்கு நாள் நகராது. போன பொங்கலுக்கு அந்தக் கோட்டையின் இரும்புக் கதவில் வந்து நின்றோம். தள்ளினோம், உடைத்தோம், எண்ணெய் போட்டோம். திறக்கவில்லை.

"காவக்காரன் ஒருத்தன் இல்லாமயா கோட்ட இருக்கும் மாதப்பா? டீ குடிக்கக் குடுத்தா தொறந்துடுவான். அதத் தட்டு," என்றார் தாவூது.

"இங்கே காவக்காரனே இல்ல பாய்."

"உனக்குத் தெரிஞ்சிருந்தா நாம ஏன்பா வெளிய நிக்கறோம்? தட்டு."

தட்டினேன். புரியவில்லை என்றது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிக்கி நிற்கும்போது ஒரு சுகம் உண்டு சார். குளிக்கும்போது கதவு, சாப்பிடும்போது கதவு. அந்த மாதங்களில் நான் பதினெட்டு வயசுக்காரன் போல இருந்தேன், தலையில் முடிகூட முளைத்தது. அவருக்கு அந்தச் சுகம் தெரியவில்லை. எதிலும் சரக்கு கை மாற வேண்டும், முடிந்துவிட வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "வெள்ளிக்கிழம பையன் போன் பண்றான். அங்க இந்த வெளாட்டுக்கெல்லாம் விடை போட்ட பொஸ்தகமே கடையில விக்குதாம். பாத்து வெக்கச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமயோட கதவு தொறந்துடும், பாரு."

விடை கேட்டுத் திறக்கும் கதவு கதவே இல்லை, திரைச்சீலை. அதைத்தான் அவரிடம் சொன்னேன். "அட போப்பா, வயசான காலத்துல கதவு முன்னாடியே நிக்கச் சொல்றியா" என்று சிரித்தார். நான் நினைத்திருந்தால் அந்தப் போனைக் கெடுத்திருக்கலாம். பழைய ஆபீசில் என் பேச்சுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. ஆனால் பையன் அடுத்த வெள்ளிக்கிழமை பேசுவான். கோளாறு லைனில் இல்லை, ஆளிடம். சிக்கி நிற்பதை ரசிக்க அவரைப் பழக்க வேண்டும். நண்பன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?

மாரண்டஹள்ளிக்கு வெளியே எனக்குக் கொஞ்சம் மல்பெரித் தோட்டமும், பட்டுப்புழு வளர்க்கும் மனையும் உண்டு. இரண்டு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. கெட்டிச் சுவர், உயரத்தில் வலை அடித்த சன்னல், வெளியே தாழ்ப்பாள். புதன்கிழமை காலை, "புதுசா புழு எடுத்திருக்கேன், வந்து பாரு பாய்" என்று பஸ்ஸில் கூட்டிப்போனேன். உள்ளே போனார். கதவைச் சாத்திப் பூட்டினேன்.

முதலில் அவரும் ரசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"யோவ் மாதப்பா, புழுவே இல்லையேய்யா. கதவத் தொற."

"உங்களிடம் சாவி இல்லை," என்றேன். இயந்திரம் பேசுவது போலவே, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

உள்ளேயிருந்து கதவை இரண்டு தரம் தள்ளிப் பார்த்தார். பிறகு ஒரே சிரிப்பு. "அடப்பாவி. சரி, நானும் ஆடறேன். சுத்திப் பாரு."

"நீங்கள் ஓர் அறையில் நிற்கிறீர்கள். மூங்கில் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன. ஒரு பானையில் தண்ணீர் இருக்கிறது. வடக்கே ஒரு கதவு இருக்கிறது."

தட்டுகளை இழுத்துப் பார்த்தார், சன்னலுக்கு ஏறிப் பார்த்தார், ஒவ்வொன்றையும் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டுத்தான் செய்தார். அந்த மத்தியானம் போல ஒரு மத்தியானம் என் வாழ்க்கையில் கிடையாது. அந்தக் கேசட்டை எழுதியவன் லண்டனில் எங்கோ இருப்பான், அவனுக்குக்கூட இப்படி ஒரு ஆட்டக்காரன் கிடைத்திருக்க மாட்டான்.

சாயங்காலம் விதியை மறந்துவிட்டார். "மாதப்பா, போதும்பா, எனக்குச் சக்கரை இருக்குதுன்னு உனக்குத் தெரியாதா? மாத்திர போடணும்."

"மாத்திரை இங்கே இல்லை," என்றேன். அது உண்மைதானே.

"ஜுபைதா தேடுவா. அவளக் கூப்புடுப்பா."

"அந்தச் சொல் எனக்குத் தெரியாது."

அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லையா என்று நினைக்கிறீர்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் தஞ்சாவூர்க்காரர் போல. புழு இருக்கும் மனைக்குப் பக்கத்தில் அந்நிய ஆள் கால் வைக்க மாட்டான். கால்தூசியில் நோய் வரும், கண்ணும் படும். வாசலில் வேப்பிலை கட்டினேன், சுண்ணாம்புத் தூள் தூவினேன், பார்மலின் மருந்தைத் தெளித்துவிட்டேன். அந்த வாடையும் வேப்பிலையும் போதும், மந்திரி வந்தாலும் வரப்பிலேயே நின்றுவிடுவார். நான் மட்டும் போக வர இருந்தேன். கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பக்கத்துக் கொல்லைக்காரி ராமக்கா மட்டும் வியாழக்கிழமை வரப்பில் நின்று குரல் கொடுத்தாள். "என்னங்ண்ணா, உள்ள தடதடன்னு சத்தம் கேக்குது?"

"புழு தழை திங்குதும்மா."

"அதென்ன புழுவா, எருமையாங்ண்ணா? கொல்லையில ஒரு தழகூட நீங்க கிள்ளக் காணோமே. எதத் திங்குதுங்க?"

அவளைப் பாராட்டத்தான் வேண்டும். புழுவுக்கு நேரத்துக்கு நேரம் தழை வெட்டிப் போட வேண்டும், அதை நான் யோசிக்கவே இல்லை. அன்றே ஒரு கட்டுத் தழை வெட்டி வாசலில் போட்டேன். ஒரு கதை சொல்வதென்றால் சின்னச் சின்ன விஷயத்திலும் கவனம் வேண்டும், அதில் நான் தவறிவிட்டேன்.

அவர் மனைவி ஜுபைதா வியாழக்கிழமை காலையிலேயே இங்கே வந்துவிட்டார். "அண்ணே, சொல்லாம ஒரு ராத்திரி வெளிய தங்க மாட்டாருங்க. மாத்திர டப்பா அலமாரியிலயே கெடக்குதுங்க" என்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்து அழுதார். அரூரை அடுத்த தீர்த்தமலைப் பக்கம் புளி பார்க்கப் போகிறேன் என்று சொன்னாரே என்றேன். உங்கள் ஆட்கள் அரூர் முழுக்கத் தேடினார்கள் இல்லையா? அதற்காக வருத்தப்படாதீர்கள். நல்ல விளையாட்டில் எங்கும் போய்ச் சேராத வழி ஒன்று கட்டாயம் இருக்கும், அதில் கொஞ்சம் நடந்தால்தான் சரியான வழிக்கு மதிப்பு. நானும் ஜுபைதாவுடன் பஸ் ஸ்டாண்டு, மண்டி எல்லாம் அலைந்தேன். என் கால் இன்னும் வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை மகன் போன் செய்தான். விடையை வைத்துக்கொண்டு அப்பாவைக் கேட்டிருக்கிறான். அவர் இல்லை. என் நோக்கம் அத்தோடு நிறைவேறிவிட்டது, அன்றைக்கே கதவைத் திறந்திருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் ரொம்ப நல்ல கட்டத்தில் இருந்தோம். அவர் பேரம் பேசுவதை விட்டிருந்தார். திட்டுவதையும் விட்டிருந்தார். பானை காலியாகியிருந்தது. வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவழித்தார்.

"தண்ணி குடு."

"அப்படிச் செய்ய முடியாது."

"கதவத் தொற."

"உங்களிடம் சாவி இல்லை."

"மாதப்பா..."

ஒரு சொல் போதாது என்றேன். இரண்டு வேண்டும். அது ஆரம்பத்திலிருந்தே உள்ள விதி. நான் அவருக்காக மட்டும் அதை மாற்றினால், அதுவரை அவர் பட்ட பாட்டுக்கு என்ன அர்த்தம்?

சனிக்கிழமை காலையில் அவர் எதுவும் சொல்லவில்லை. மத்தியானமும் இல்லை. எனக்கு அதுதான் பெருமையாக இருந்தது. எப்போதும் வாய் ஓயாத மனிதர், முதல் தடவையாகப் பேசாமல் உட்கார்ந்து யோசிக்கிறார். நான் முக்காலியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்துவிட்டேன். இன்றைக்குக் காலையில் போய்க் கதவில் காதை வைத்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். கலைக்க மனம் வரவில்லை.

எழுந்திருக்காதீர்கள் சார், டீ கொட்டிவிட்டது பாருங்கள். சாவிதானே? ஆணியில் தொங்குகிறது, எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு தாண்டியதும் மாரண்டஹள்ளி ரோடு, யாரைக் கேட்டாலும் மாதப்பன் புழு மனை என்று காட்டுவார்கள். ஜீப்பில் எனக்கு முன் சீட்டு கொடுத்தால் நல்லது, பின்னால் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். கையைப் பிடிக்க வேண்டாம், வருகிறேன்.

அவர் என்ன சொல்லியிருந்தால் நீ கதவைத் திறந்திருப்பாய் என்று கேட்கிறீர்கள். இத்தனை நேரத்தில் இதுதான் ஆட்டக்காரன் கேட்கும் கேள்வி. அந்த லண்டன்காரன் எழுதும்போதே விடையையும் எழுதி வைத்திருப்பான், அந்த ஒழுங்கு என்னிடம் இல்லை. அவர் எதையெல்லாம் முயன்று பார்க்கிறார் என்று பார்த்துவிட்டு, அதில் நல்லதாக ஒன்றை விடையாக வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். இன்னும் முடிவு செய்யவில்லை.