வரிசையில் கடைசியாக இதய வார்டு

இந்த விசாரணை அறைக்கு வைஃபை சரியாக எட்டாது. பழைய கல் சுவர். உள்ளே வந்ததும் இதைத்தான் நினைத்தேன், சொல்லவில்லை. நீங்கள் கேட்டது வேறு.

எங்கள் மருத்துவமனைக் கூரைகளில் இருக்கும் வைஃபை பெட்டிகள் எல்லாம் அடித்தளத்திலுள்ள தலைமைக் கருவியின் பேச்சைத்தான் கேட்கும். அது படுத்துவிட்டால் மாற்றுக் கருவியிடம் ஓடும். மாற்றில் எல்லாப் பெட்டிகளுக்கும் இடம் கிடையாது. எனவே யார் உள்ளே, யார் வெளியே என்று முன்கூட்டியே ஒருவர் வரிசை போட்டு வைக்க வேண்டும். அது என் வேலை.

துறைத் தலைவர்கள் ஆளுக்கொரு சாக்லேட் பெட்டியோடு இறங்கி வருவார்கள். "டெமெனுகா, எங்க மாடிய மட்டும் முதல்ல போட்டுடும்மா." தோல் மருத்துவர் வந்தார். கணக்குப் பிரிவு வந்தது. சமையலறைகூட வந்தது. எல்லாரையும் முதலில் போட்டேன். எல்லாரும் முதல் என்றால் வரிசையே இல்லை, பெரிய மாற்றுக் கருவி வேண்டும் என்று இயக்குநர் சாவ்தாரிடம் ஒவ்வொரு வருடமும் சொன்னேன்.

"இதுவரைக்கும் ஒருநாளாவது நின்னிருக்கா?" என்பார். "நின்னா பாத்துக்கலாம். சாக்லேட் நிறைய வருதாமே, சர்க்கரைய பாத்துக்கோ."

ஆக, ஒருநாள் நிற்க வேண்டியிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறை, பூக்களின் ஞாயிறைத் தேர்ந்தெடுத்தேன். வெளிநோயாளிகள் வராத நாள், பொறுப்போடுதான் யோசித்தேன். கிடங்கில் இணைப்பு போனால் யாரும் புதுக் கருவி வாங்க மாட்டார்கள். அதனால் மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டு, இதய வார்டை மட்டும் கடைசிக்கு இறக்கினேன்.

பிறகு அந்த வார்டுக்குப் போனேன். பூவின் பெயர் கொண்ட எல்லாருக்கும் அன்று பெயர்நாள். பெயருக்குரியவர்தான் மற்றவர்களுக்கு இனிப்புத் தர வேண்டும். டெமெனுகா என்ற என் பெயரும் ஒரு பூதான். செவிலியர்கள் நெவெனா, லிலியா, கமேலியா மூவரும் ஓய்வறையில் கேக்கோடு மேசை போட்டிருந்தார்கள்.

"அட, நீயும் பூவா?" என்றாள் நெவெனா. "இத்தனை வருஷமா உன்ன ஒயருன்னுல்ல நெனச்சேன்."

"கீழ வெயிலே படாதே, எப்படிடீ பூத்த?" என்றாள் லிலியா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்படியான பேச்சுதான். அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

நோயாளிகளின் நெஞ்சில் ஒட்டிய கருவிகள் வைஃபை வழியாக இவர்கள் சட்டைப் பையிலுள்ள போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். அந்த நம்பிக்கையில்தான் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். போன் பேசாமல் இருந்தால் எல்லாரும் நலம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியும்.

கீழே வந்து தலைமைக் கருவியை அணைத்தேன்.

மற்ற பெட்டிகள் மாற்றுக் கருவியில் இடம் பிடித்தன. இதய வார்டின் பெட்டிகள் திரையில் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. என் போனை முன்னால் வைத்துக்கொண்டேன். ஒருவர் கூப்பிட்டு, "டெமெனுகா, இங்க வரலையே, என்னன்னு பாரு" என்றிருந்தால் அந்த நொடியே போட்டிருப்பேன். காபி ஆறியது. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னலோரப் படுக்கையில் இறந்து கிடந்த ஸ்டாமென் என்ற பெரியவரை மகள்தான் முதலில் பார்த்தாளாம், வெளியிலிருந்து பூங்கொத்தோடு வந்தபோது. மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். வருத்தம்தான். நெவெனாவை நீங்கள் விட்டுவிடலாம், அவளுக்கு எதுவும் தெரியாது.

இப்போது நீங்கள் நல்ல மனதோடு சொல்கிறீர்கள்: "சோதிச்சுப் பாக்கும்போது வரிசை தவறுதலா மாறிப்போச்சுன்னு மட்டும் சொல்லுங்க மேடம். மிச்சத்த உங்க வக்கீல் பாத்துக்குவாரு. பெரியவரோட பொண்ணுக்கும் மனசு கொஞ்சம் ஆறும்."

வேண்டாம், அப்படிச் சொல்ல மாட்டேன். அன்று அந்தக் கட்டிடத்தில் ஒவ்வொரு பெட்டியும் நான் போட்ட வரிசைப்படிதான் நடந்துகொண்டது. என் வேலையில் ஒரு குறையும் இல்லை.