கியாமத்து என்றால்

எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடுவதால் உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிய 1962 தை மாதம். தேவிபட்டினம் பஸ்ஸில், கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தில் முழுக்குப் போடப் புறப்பட்ட கூட்டம். என் முன் இருக்கையில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கருவாட்டு வியாபாரி.

“விளைஞ்ச நெல்லை அறுக்காம வந்திருக்காரு, மரைக்காயரே,” என்று அந்த அம்மாள் வியாபாரியிடம் முறையிட்டார். “கதிரு உதிருது. கேட்டா பிரளயமாம்.”

“ஞாயித்துக்கிழமை எல்லாம் தண்ணிக்குள்ள. அறுத்து யாரு திங்க?” என்றார் கணவர். “உங்க வேதத்துலயும் இருக்குல்ல, மரைக்காயரே?”

“இருக்கு. கியாமத்துன்னு பேரு.”

“அழிவுதானே?”

“இல்ல மாப்ளே. அரபியில எந்திரிச்சு நிக்கிறதுன்னு அர்த்தம். தொழுகையில நிக்கிறோம்ல, அதுக்கும் கியாம்னுதான் பேரு. அன்னைக்குச் செத்தவுக அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னு, செஞ்சதுக்குப் பதில் சொல்லணும். அது என்னைக்குன்னு அல்லா ஒருத்தனுக்குத்தான் தெரியும். உங்க சோசியருக்கு யாரு சொன்னது?”

அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார்.

“எந்திரிச்சு நின்னு என்ன சொல்லுவீக? விளைஞ்சதை மண்ணுல உதிர விட்டேன்னா?”

தேவிபட்டினத்தில் கூட்டம் இறங்கிக் கடல் பக்கம் ஓடியது. விவசாயி கண்டக்டரிடம், “திரும்ப எப்பப் புறப்படுவீக?” என்று கேட்டார்.

“பத்து நிமிசத்துல.”

“அப்ப முழுக்கு?” என்றார் மனைவி.

“ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் கெடக்கு. ஆளு கெடைச்சா அதுக்குள்ள அறுத்துறலாம்.”