எது முன்னாடி, எது பின்னாடி

— அந்தப் படிப்பை முடிச்சுட்டு வந்து என்னத்தைடி கிழிக்கப் போறே?

— அக்கா, நான் இன்னும் முழுசாவே சொல்லல.

— சொல்ல என்ன இருக்கு? ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட். பேரைக் கேட்டாலே தெரியலையா? காலையில உங்க மேடம் உன்னைத் தனியாக் கூப்பிட்டு, தோள்ல கை போட்டு, அந்தக் கோடி ரூம் வரைக்கும் பேசிக்கிட்டே போனாங்களே, அப்பவே நினைச்சேன். நின்னுக்கிட்டே சாப்பிடாதே. அந்தப் பெயிண்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டு உக்காரு.

— அது என்ன 'உங்க மேடம்'? உனக்கும் அவங்கதானே?

— எனக்கு முதலாளி, உனக்குத்தான் மேடம். என்னைப் பார்த்தா, "டைல்ஸ் வந்துச்சா? பிளம்பர் எங்கே?" உன்னைப் பார்த்தா, "சாப்பிட்டியாம்மா?" எத்தனை வருஷமா இங்கே குப்பை கொட்டறேன், நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாள் கேட்டிருப்பாங்களா?

— உன்னைப் பார்த்தாலே தெரியுமேக்கா, நல்லா சாப்பிட்டிருப்பேன்னு.

— கொழுப்புடி உனக்கு.

— சரி, விஷயத்தைக் கேளு. ஆபீஸ்ல ஒரே ஒருத்தரை மட்டும் ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கறாங்க. சனி, ஞாயிறுல வகுப்பு. ரெண்டு வருஷம். முடிச்சு வர்றவங்க கையில அடுத்த கட்டடத்தை முழுசா ஒப்படைக்கறதா மேடம் சொல்றாங்க. இன்னிக்குள்ள பதில் சொல்லணுமாம். அதான் உன்கிட்ட...

— என்கிட்ட ஆசீர்வாதம் வாங்க வந்துட்டியாக்கும்.

— ஐயோ, பேச விடேன்!

— முதல்ல நான் சொல்றதைக் கேளு. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்னா என்ன? எது முன்னாடி, எது பின்னாடி. அவ்வளவுதான். இதுக்கு ரெண்டு வருஷமா? அந்தப் பல் டாக்டர் கிளினிக்ல நீ என்ன பண்ணினே? வயர் இழுக்கறதுக்கு முன்னாடியே ஃபால்ஸ் சீலிங்கை மூடச் சொல்லிட்டே.

— அதையே இன்னும் எத்தனை தடவை சொல்லுவே?

— சாகற வரைக்கும் சொல்லுவேன். அதைப் பிரிச்சு, வயர் இழுத்து, திரும்ப மூடி, பெயிண்டும் அடிச்சுக் கொடுத்தது யாரு? நான். பேரு யாருக்கு? "உன் தங்கச்சி கெட்டிக்காரி, சொன்ன தேதிக்கு முடிச்சுட்டா"ன்னு உங்க மேடம் என்கிட்டயே வந்து சொல்றாங்க! நானும் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கறேன்.

— அதைப் பத்தித்தான் நான் மேடம்கிட்ட...

— மேடம், மேடம், மேடம்! சோறு இறங்க மாட்டேங்குதுடி எனக்கு.

— உனக்கு என் மேல பொறாமையாக்கா?

— ஆமா, பொறாமைதான். சொன்னா என்ன, தலையா போயிடும்? நீ காலேஜ் படிச்ச வரைக்கும் உன்னை ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டது நான். நீ திரும்பிக்கூடப் பார்க்காம உள்ளே ஓடிடுவே. நான் காலேஜ் வாசல்லயே நின்னு, பையை மாட்டிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே போற பொண்ணுங்களை வேடிக்கை பார்த்துட்டு, வேலைக்கு லேட்டாப் போய்த் திட்டு வாங்குவேன். அம்மா உனக்கு மேஜை வாங்கினாங்க, விளக்கு வாங்கினாங்க. அந்த மேஜையைப் போட என் கட்டிலைத்தானே ஜன்னல்கிட்டேர்ந்து இழுத்து மூலையில தள்ளினாங்க? வயிறு எரியாதா எனக்கு?

— அப்போ, உனக்கும் படிக்கணும்னு ஆசை இருக்கா?

— எனக்கா?

— உனக்குத்தான். நிஜமாச் சொல்லு. அந்த வாய்ப்பு உனக்கே வந்தா போவியா?

— இனாமாக் கொடுத்தாலும் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்.

— கோவத்துல சொல்லாதே. யோசிச்சுச் சொல்லு.

— யோசிக்க என்ன இருக்கு? எனக்குத் தெரியாததை எவன் சொல்லித் தரப் போறான்? கதவுல நான் சாக்பீஸால போடற வட்டம் போதாதா? வட்டம் இருந்தா உள்ளே தண்ணிக் குழாயெல்லாம் பார்த்தாச்சு, பெயிண்டர் போகலாம். வட்டம் இல்லாத கதவைத் தொட இங்கே எவனுக்காவது தைரியம் உண்டா?

— யாருக்கும் இல்ல. மேடம்கூட...

— மறுபடியும் ஆரம்பிக்காதே!

— சரி, இல்ல. அப்போ அந்தப் படிப்பு வேண்டாம்ங்கறே. கடைசியாக் கேக்கறேன்.

— வேண்டவே வேண்டாம். இப்பவே போனைப் போட்டுச் சொல்லிடு. ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கணும். உன்னை நம்ப முடியாது, குழைஞ்சு குழைஞ்சு பேசியே காரியத்தை முடிச்சுடுவே.

— அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

— நான் ஏன் சொல்லப் போறேன்? இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கப் போறேன். போடு, போடு.

— ஹலோ மேடம், நான்தான்.

— சொல்லும்மா. சாப்பிட்டியா?

— பாரு, பாரு, ஆரம்பிச்சாச்சு!

— ஷ்ஷ், சும்மா இரு அக்கா. சாப்பிட்டுட்டு இருக்கேன் மேடம். அக்காகிட்ட கேட்டுட்டேன். எப்படிக் கேட்டாலும் வேண்டவே வேண்டாம்ங்கறா.

— ஏய், என்னடி சொல்றே? நான் எங்கேடி எனக்கு...

— என்னம்மா இது? கிளினிக் சீலிங்கைச் சரிபண்ணது எங்கக்காதான், இந்த இடம் அவளுக்குத்தான் கொடுக்கணும்னு காலையில என்கிட்ட அவ்வளவு மல்லுக்கட்டினே! நீ சொன்னப்புறம்தான் எனக்கே புரிஞ்சு, அவளுக்குன்னே எடுத்து வெச்சேன். சரி, வேண்டாம்ங்கறவளைக் கட்டாயப்படுத்தவா முடியும்? அவ இடத்துல நீயே சேர்ந்துடு.