ஏழு பாகம் ஆழம்

கிளாடிஸ்: ஒரு கையெழுத்துதான சார்... பேனா வேணும்னா நான் தாறேன்.

வேதமணி: பேனா என் பையிலயும் கெடக்கு.

கிளாடிஸ்: அஞ்சு மணிக்கு ரெக்கார்டு நோட்டெல்லாம் கட்டி அனுப்பணும். கஸ்பார் நோட்டு மட்டும் நிக்குது. கையெழுத்து இல்லன்னா திங்கக்கிழம பிராக்டிகலுக்கு உள்ள விடமாட்டாங்க.

வேதமணி: விடவேண்டாம்.

கிளாடிஸ்: அவன் பி.எஸ்ஸி.யே போயிரும் சார்.

வேதமணி: போகட்டும். புன்னைக்காயல்ல சங்கு குளிக்கதுக்கு எவனும் பி.எஸ்ஸி. கேக்கமாட்டான்.

கிளாடிஸ்: வாய் கூசலையா சார் உங்களுக்கு?

வேதமணி: ஏய்... நீ எங்கிட்ட படிச்சவ. டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனதும் வாய் நீண்டுட்டோ?

கிளாடிஸ்: அப்படி என்னத்தச் சொல்லிட்டான் அவன்?

வேதமணி: நாப்பது பேருக்கு முன்னால கம்ப்யூட்டர் தப்புங்கான்! மெட்ராஸ்ல ஒரு ரூம அடைச்சிக்கிட்டு நிக்கிற மெஷின். நான் ஆறு வாரம் டிரெய்னிங் போயி, அதுக்குள்ள கணக்காலேயே கடல்ல முங்குற ஆள் ஒருத்தன உண்டாக்கிட்டு வந்திருக்கேன். பையங்க ஆழத்தக் கார்டுல எழுதி அனுப்பணும். நெஞ்சுக்குள்ள காத்து எவ்வளவு சுருங்கும்னு மெஷின் சொல்லும். ஆழத்த மாத்து, பதிலும் மாறும். இந்த எழுபத்தெட்டுல தூத்துக்குடியில எவன் பிசிக்ஸ இப்படிச் சொல்லிக் குடுக்கான்?

கிளாடிஸ்: பதில் வரதுக்குத்தான் பத்து நாளு...

வேதமணி: ஆகட்டுமே! கார்டு ரயில்ல போயி வரணும்லா.

கிளாடிஸ்: ...ம். போயி வரணும்.

வேதமணி: என்ன இழுக்க?

கிளாடிஸ்: ஒண்ணுமில்ல... கஸ்பார் ஆழம் ஏழுன்னு எழுதினான். ஆறு லிட்டர் காத்து மூணரையாச் சுருங்கும்னு பேப்பர் வந்துச்சு.

வேதமணி: ஏழு மீட்டருக்கு அதான் பதில்.

கிளாடிஸ்: அவன் மீட்டர்னா எழுதினான்? வெறும் ஏழு. அவங்க வீட்டுல ஆழம்னா பாகந்தான். ஏழு பாகம்னா நாப்பத்திரண்டு அடி. நோட்டுல கணக்குப் போட்டிருக்கான் பாருங்க... ரெண்டரைக்குக் கொஞ்சம் மேல. பாதிகூட இல்ல.

வேதமணி: நோட்ட மூடு.

கிளாடிஸ்: அவங்க அப்பா அந்த ஆழத்துலதான் முங்குதாரு. மேல வந்தா மூக்குல ரத்தம். "எங்கப்பாவுக்கு அங்கன நெஞ்சு ஒட்டிப்போகும் சார், பேப்பர்ல அப்படி இல்லையே"ன்னு கேட்டான். நீங்க பேப்பரச் சுருட்டி அவன் மூஞ்சில...

வேதமணி: பெறவு? அவன் கணக்கு சரின்னு கையெழுத்துப் போட்டா மெஷின் தப்புன்னு ஆயிரும்லா. நாளைக்கு இந்தக் கம்ப்யூட்டர் பாடத்தப் பாக்க இன்ஸ்பெக்ஷன் டீம் வருது. அவங்களுக்குப் பிடிச்சுட்டுன்னா நம்ம காலேஜுக்கே சின்ன மெஷின் ஒண்ணு கெடைக்கும். எனக்கும் மெட்ராஸுக்கு மாத்தல்.

கிளாடிஸ்: மெஷின் தப்புன்னு ஆகாது சார்.

வேதமணி: எப்படி?

கிளாடிஸ்: தப்பு என்னோடது.

வேதமணி: என்ன சொல்லுத?

கிளாடிஸ்: நான் நாசரேத்துக்காரி. கடல் அளவு எனக்கென்ன தெரியும்? ஏழுன்னதும் மீட்டர்னு நெனச்சு, லாகரிதம் டேபிள வச்சுக் கணக்குப் போட்டுட்டேன்.

வேதமணி: நீ போட்டியா?

கிளாடிஸ்: மூணாந்தடவ அனுப்பின கார்டுக்கட்டு பிரிக்காமலே திரும்பி வந்துட்டு. மெஷினுக்கு நேரமில்ல, இனி அனுப்பாதீங்கன்னு ஒரு கடுதாசி. பையங்களானா தெனம் வாசல்ல நின்னு, "பதில் வந்துட்டா டீச்சர்"ன்னு... அந்த முகங்களப் பாக்க முடியல சார். ஆபீஸ் டைப்ரைட்டர்ல நானே அடிச்சேன். ஆறு மாசமா எல்லாப் பதிலும் நான் அடிச்சதுதான். என்னய வேலைய விட்டு அனுப்புங்க, நான் ஒண்ணும் கேக்கல. அவன் நோட்டுல மட்டும்...

வேதமணி: கதவச் சாத்து.

கிளாடிஸ்: போடுதீயளா சார்?

வேதமணி: மெட்ராஸ் மெஷினு முழுக்க கேபிடல் எழுத்துலதான் அடிக்கும். நீ சின்ன எழுத்துல அடிச்சிருந்த. போதாததுக்கு நம்ம ஆபீஸ் டைப்ரைட்டர்ல இங்கிலீஷ் 'ஈ' பாதிதான் விழும். மொத பேப்பர்லயே எனக்குத் தெரியும் கிளாடிஸ்... நாளைக்கு டீமுக்குக் காட்ட ரெண்டு அடிச்சு வை, கேபிடல்ல. அந்தப் பய நோட்ட அலமாரியில போட்டுப் பூட்டு.