வெற்று வரிக்கு மேலே

கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து நாலு தட்டுத் தட்டினால், அதை உபயோகிக்கிற ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும், சார். பிஸ்கட் தூள், நகத் துணுக்கு, தலைமுடி, காய்ந்துபோன சம்பல் எண்ணெய். கிளார்க்கு ஜபருல்லாவுடையதிலிருந்து ஒரு தடவை பல் குத்திய குச்சி விழுந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வேன். பீச் ஸ்திரீட்டில் நம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து இதுவும் என் வேலைதான். யாரும் செய்யச் சொல்லவில்லை. எனக்கு அழுக்கு பொறுக்காது, அவ்வளவுதான்.

ஆரம்பத்திலிருந்து சொல், எழுதிக்கொள்கிறேன் என்கிறீர்கள். சொல்கிறேன். நம் ஆபீசில் கப்பல் டாக்குமெண்ட் பார்க்கிற தவமணியின் அக்கா கமலாம்பிகை, போன மாதம் மெல்பர்ன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ரத்தப் புற்றுநோய். தங்கையின் எலும்பு மஜ்ஜை பொருந்தியிருந்தது. தங்கை போய்ச் சேர்ந்திருந்தால் பிழைக்க வழி இருந்தது. முடியெல்லாம் கொட்டிப்போய், தலையில் நீலத் துண்டைக் கட்டிக்கொண்டு, கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தாள். தவமணி போகவில்லை. புருஷன் சுப்பையா விடவில்லை. அவன் விடாததற்குக் காரணம் நான் கொடுத்த காகிதம். அந்தக் காகிதத்தில் பொய்யாக ஓர் எழுத்துகூடக் கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

காகிதத்தின் மூலகாரணம் நீங்கள்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் டெலிபோன் பில்லைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பேன்ட்ரிக்குப் பின்னால், சாக்கடை நாற்றம் அடிக்கிற அந்த ஸ்டோர் ரூம். இன்டர்நெட் லைனைப் போட்டு மெயில் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் காசு ஓடுகிறது என்று கத்தினீர்கள்.

"எவன் எவன் சொந்தக் கதைக்கு மெயில் அடிக்கிறான்னு பாத்துச் சொல்லு ராஜு. ஆனா மேலாப்பில மட்டும் பாரு. உள்ள எழுதியிருக்கறத படிக்காத லா. அது பாவம்."

நல்ல வார்த்தை. எனக்குப் பிடித்திருந்தது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சர்வரில் ஆளுக்கு ஒரு மெயில்பாக்ஸ் ஃபைல். வந்த கடிதம் எல்லாம் அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு கடிதத்துக்கும் மேலே ஹெட்டர் என்று கொஞ்சம் வரிகள். யார் அனுப்பியது, யாருக்கு, எந்தத் தேதி, என்ன விஷயம். அது முடிந்ததும் ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரிக்குக் கீழேதான் கடிதம் ஆரம்பிக்கும். அனுப்புகிற கடிதங்களுக்கும் இப்படியே தனி ஃபைல் உண்டு.

நான் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். மிஷினுக்குக் கொடுக்கிற வேலைச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலைத் திற, ஹெட்டரில் இந்த நாலு வரியை மட்டும் எடு, வெற்று வரி வந்ததும் வாயை மூடு, அடுத்த கடிதம் ஆரம்பிக்கும் வரைக்கும் எதையும் பார்க்காதே. கச்சிதமாக வந்தது. ஆபீசில் அத்தனை பேரும் ஒருவரையொருவர் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும்போது, வெற்று வரிக்குக் கீழே எட்டிப் பார்க்காத ஒரே ஜீவன் என் ஸ்கிரிப்ட்தான்.

ஆனால் மேலே இருந்ததே போதும், சார். ஜபருல்லாவுக்கு வருவதெல்லாம் அசிங்கப் படம். சப்ஜெக்ட்டிலேயே எச்சில் ஒழுகும். ரிசெப்ஷன் குணவதி எதிர் மேஜைக்காரியைப் பற்றி அடுத்த மேஜைக்காரிக்கு எழுதிவிட்டு, அடுத்த மேஜைக்காரியைப் பற்றி எதிர் மேஜைக்காரிக்கு எழுதுகிறாள். காலையில் திருநீறும் குங்குமமுமாய் வந்து உட்காருகிற முகங்கள். அச்சடித்த தாளைத் தொட்டபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவையும் உங்கள் மேஜையில் வைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "விடு லா, மனுஷங்கதானே" என்று டிராயரில் போட்டீர்கள். அன்றைக்கு உங்கள் மேலும் எனக்குக் கொஞ்சம் அருவருப்பு வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தவமணியுடையது மட்டும் சுத்தமாக இருந்தது. கப்பல், கன்டெய்னர், கஸ்டம்ஸ். வேறு ஒன்றும் இராது. அவள் அப்படித்தான். மேஜையில் ஒரு தூசி இருக்காது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிளார்க்கு வேலை பார்த்தே மூன்று தலைமுறை. தோட்டக்காட்டு ஆள் என்று என்னை ஒதுக்கியதே இல்லை. பேன்ட்ரியில் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி கலக்குவாள். சேர்ந்த முதல் நாளே, "தங்கராஜு அண்ணே, இந்த பிரிண்டர் மக்கர் பண்ணுது, பாருங்க" என்றாள். அன்றிலிருந்து அண்ணே. எனக்குத் தங்கச்சி யாரும் கிடையாது. வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

பிறகு அவள் சுப்பையாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். துறைமுகத்தில் கிளார்க்கு, அக்கரையில் பட்டர்வொர்த்தில் வீடு. சிம்பாங் அம்பாட் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். அவனும் என்னைப் போலத்தான், அப்பன் பத்து காவான் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவன். சட்டைக் காலரில் எப்போதும் அழுக்குப் படிந்திருக்கும். ஆக, தோட்டத்து ஆளைக் கட்டுவதில் அவள் வீட்டுக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. இதைச் சும்மா ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

இந்த வருஷம் அவள் மெயில்பாக்ஸில் மெல்பர்ன் வந்தது. அனுப்புகிறவர் தியாகராஜா, அக்கா புருஷன். சப்ஜெக்ட் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். "அத்தான் காத்திருக்கிறன்." "அப்பாவுக்குச் சொல்லாதே." "தனிய வா, சுணங்காதே." அவள் அனுப்பியதில், "அத்தான், நான் வாறன்." இன்னொன்றில், "அவருக்கு இப்ப தெரிய வேண்டாம்."

அத்தான் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அக்கா புருஷனை மாமா என்போம். அத்தான் என்று கட்டினவனைத்தான் கூப்பிடுவார்கள், அதுவும் நாலு பேர் முன்னால் கூப்பிடக் கூசுவார்கள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அக்கா புருஷனும் அத்தான்தான். பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதில் ஒரு விரசமும் கிடையாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

தாளை எடுத்துப் பார்த்தேன். இவளுமா என்று இருந்தது. வாஷ்பேசினில் நெடுநேரம் கை கழுவினேன். உங்களிடம் தந்திருந்தால் டிராயருக்குள் போயிருக்கும். அதனால் வேலை முடிந்து பெர்ரியில் ஏறி, மேல்தட்டில் சுப்பையா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் குவாச்சி விதை கொறித்துத் தோலைக் கீழே துப்பிக்கொண்டிருந்தான்.

"இத நீ பாக்கணும்னு நெனச்சேன்" என்றேன்.

வரி வரியாக விரல் வைத்துப் படித்தான். பெர்ரி அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அப்புறம், "உள்ள என்ன எழுதியிருக்கு ராஜு?" என்றான்.

"அத நான் படிக்க மாட்டேன்டா. எனக்கு ரூல்ஸ் அப்படி."

உண்மையைத்தான் சொன்னேன். ஸ்கிரிப்ட்டில் அப்படித்தான் இருந்தது.

வீட்டில் நடந்ததை அவனே பிறகு சொன்னான். அவன் அம்மா மீனாட்சி தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "சொந்த அக்கா புருஷனயா? த்தூ" என்று அடுப்படியிலேயே துப்பினாளாம். தவமணி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மஜ்ஜை பொருந்தும் என்று உறுதியாகத் தெரியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தாளாம். பிள்ளை தங்காத உடம்பிலிருந்து எலும்புச் சத்தைக் கொடுக்க மாமியார் விடமாட்டாள் என்ற பயம். தன் தகப்பனார் இருதய நோயாளி, அவருக்கும் தெரியக்கூடாது. சுப்பையா மெல்பர்னுக்குப் போன் போட்டிருக்கிறான். எடுத்த தியாகராஜா எடுத்த எடுப்பில், "தவம், எப்ப வாறாய்?" என்று கேட்டுவிட்டார். இவன் போனை வைத்துவிட்டான். அவள் பாஸ்போர்ட்டை எடுத்துத் தாயிடம் கொடுத்துவிட்டான்.

அவளிடம் இருந்த ஒரே ஆதாரம் மெயில்தான். ரத்தப் பரிசோதனை முடிவு இங்கே வரவில்லை. நேரே மெல்பர்னுக்குப் போய், அங்கே டாக்டர் சொன்னது அத்தான் எழுதிய கடிதத்தில்தான் இருந்தது. மறுபடி எழுதி வாங்கிக் காட்டினால், இப்போது ஜோடித்தது என்று புருஷன் தள்ளிவிடுவான். மறுநாள் காலை அவள் ஆபீசுக்கு வந்து திறந்து பார்த்தபோது மெயில்பாக்ஸ் காலியாக இருந்தது.

நான்தான் காலி செய்தேன். சொந்த மெயிலைச் சுத்தம் செய் என்று நீங்கள் போட்ட சர்க்குலர் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. ஜபருல்லாவுடையதைச் செய்யவில்லையே என்று கேட்டீர்கள். நேரம் கிடைக்கவில்லை.

அவள் ஸ்டோர் ரூமுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. சத்தம் போடவில்லை.

"அண்ணே, என் மெயில் ஒண்ணையும் காணலயே."

"சர்வர் ஃபுல் ஆயிருச்சு. கிளீன் பண்ணிட்டேன்."

"பேக்கப் டேப்ல இருக்குமா அண்ணே? ஒரே ஒரு மெயில் போதும். அவருகிட்ட காட்டணும். எங்க அக்கா உயிர் அண்ணே."

"டேப் கெட்டுப்போச்சு லா" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். "பரவால்ல, நீங்க என்ன செய்வீங்க" என்றுகூடச் சொன்னாள். மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள், போகும்போது கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுப் போனாள். நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.

அப்போது கமலாம்பிகை உயிரோடு இருந்தாள். அதை நான் மறுக்கவில்லை. அன்றைக்கே ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்திருந்தால் சுப்பையா அந்த வாரமே அவளை விமானம் ஏற்றியிருப்பான். கோபக்காரனே தவிரக் கெட்டவன் இல்லை. இப்போது தினமும் பெர்ரித் துறையில் உட்கார்ந்து அழுகிறான் என்று கேள்விப்பட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை என்கிறார்கள்.

டேப் நன்றாக இருக்கிறது என்று வெளியிலிருந்து நீங்கள் வரவழைத்த ஆள் கண்டுபிடித்துவிட்டான். சரி. அது என் தவறு. டேப்பைச் சரியாகச் சோதிக்காமல் சொன்னது அஜாக்கிரதை என்று எழுதிக்கொள்ளுங்கள். மற்றபடி நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வெற்று வரிக்குக் கீழே நான் போகவில்லை. மேலே இருந்ததை, இருந்தபடி கொடுத்தேன். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டது அத்தான் என்கிற ஒரு வார்த்தையால், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

"நீலத் துண்டு" என்கிறீர்கள். "அந்தப் பொம்பள தலையில நீலத் துண்டு கட்டியிருந்தான்னு மொதல்ல சொன்னியே ராஜு. அது எந்த ஹெட்டர்ல இருந்துச்சு?"

எந்த ஹெட்டரிலும் இல்லை, சார்.

தியாகராஜாவின் முதல் கடிதத்தில் இருந்தது. முடி கொட்டியது, தவம் அனுப்பிய நீலத் துண்டைக் கழற்ற மறுக்கிறாள், ஒருவர்தான் கூடத் தங்கலாம் அதனால் தனியாக வா, எல்லாம் அதில் இருந்தது. கமலாம்பிகையே ஒன்று எழுதியிருந்தாள், ஒரே விரலால் அடித்தது போல எழுத்துப் பிழையோடு. "நீ வந்தால் நான் பிழைப்பன் தவம்." தவமணி எழுதியதையும் படித்தேன். அதில் ஒரு வரி, ஆபீசில் ஏதாவது உதவி என்றால் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார் என்று. எல்லாவற்றையும் படித்தேன். படித்த பிறகுதான் ஸ்கிரிப்ட்டை அவள் ஃபைல் மேல் ஓடவிட்டேன். வெற்று வரிக்கு மேலே இருப்பதை மட்டும் வெட்டி எடுத்தால் அது எப்படித் தெரியும் என்று பார்த்தேன். நான் நினைத்ததைவிட நன்றாகவே தெரிந்தது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே இருந்ததை இந்த நிமிஷம் வரைக்கும் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பிறத்தியார் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே சொல்கிற ஈனப் பழக்கம் எனக்குக் கிடையாது.