பிரிசில்லாவின் ஐரிஸ்

— நிறுத்துங்க, எலாய்! மண்வெட்டியைக் கீழ வைங்க.

— ஏன்? பாம்பா?

— பாம்பு இல்ல... வெயில் கொஞ்சம் தாழட்டுமே.

— லோர்னா, ஜூலையில அல்புகர்க்கி வெயில் தாழணும்னா அக்டோபர் வரைக்கும் காத்திருக்கணும். பதினோரு மணிக்கு என் மகள் மார்லா வந்துடுவா. அவ அம்மாவோட ஐரிஸ் கிழங்கு நாலு வேணுமாம், புது வீட்டு வாசல்ல நட.

— வேற ஏதாவது பூ குடுங்களேன்...

— வேறயா? என் பொண்டாட்டி தன் கையாலயே மகரந்தம் தடவி, விதை போட்டு உண்டாக்கின பூ இது. 'பிரிசில்லா'ன்னு தன் பேரையே வெச்சா. இதோ, அடையாளத்துக்கு அந்தப் பேரை இலை மேலயே எழுதப் போறேன்.

— எழுதாதீங்க!

— என்ன பொண்ணே, காலையிலேர்ந்து ஒரு மாதிரி இருக்கே?

— போன கோடையில உங்களுக்கு இடுப்பு ஆபரேஷன். பக்கத்து வீடுதானே, தோட்டத்தைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனீங்க...

— நல்லாதானே பாத்துக்கிட்டே?

— எங்க? கிழங்கெல்லாம் வெயில்ல முதுகைக் காட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. பாவமேன்னு மண்ணைப் போட்டு மூடி, தண்ணி ஊத்தினேன். தினமும்.

— தினமுமா?

— ரெண்டு வேளை.

— அடிப்பாவி! ஐரிஸ் வளர்த்தியா, வாத்து வளர்த்தியா?

— சிரிக்காதீங்க. எல்லாம் கூழா அழுகிடுச்சு. எங்க பின்வேலி ஓரத்துல கெடந்த பேர் தெரியாத கிழங்கைப் பிடுங்கி இங்க நட்டுட்டேன். ஏப்ரல்ல அதுவும் ஊதாவாப் பூத்துச்சா, வாயை மூடிக்கிட்டேன். ஆனா மார்லாவை ஏமாத்த மனசு வரல...

— அதான் பேரை எழுத வேண்டாம்னியா?

— திட்டுங்களேன், எலாய்.

— நீ அழுக விட்டது பிரிசில்லா இல்ல.

— என்னது?

— அவ கண்ணை மூடின வருஷம் நானும் இப்படித்தான். துக்கத்துல வேற வேலை ஓடல. ஊத்தினேன், ஊத்தினேன்... ஒரு கிழங்கு தேறல. மகளுக்குத் தெரியக் கூடாதுன்னு ஐரிஸ் சங்க விற்பனையில ஒரு ஊதாவை வாங்கி நட்டேன். நீ கொன்னது அதைத்தான்.

— ஐயோ... அப்போ அவங்க பூ எங்கயுமே இல்லையா? மார்லாகிட்ட என்ன சொல்றது?

— உனக்கு முன்னாடி உன் வீட்டுல ஃபிடேலியா இருந்தா. வருஷா வருஷம் பிரிசில்லா கிழங்கு பிரிச்சதும் முதல் பங்கு அவளுக்குத்தான். அதை அவ நட்டது உன் பின்வேலி ஓரத்துலதான். இந்த ஏப்ரல்ல இங்க பூத்ததைக் குனிஞ்சு மோந்து பாத்தேன்... அதே திராட்சை வாசம். சங்கத்துப் பூவுக்கு வாசமே கிடையாது.

— அப்பவே தெரியுமா! ஏன் சொல்லல?

— எப்படி வந்துச்சுன்னு உன்னைக் கேட்டா... என் குட்டு உடைஞ்சிடுமே!