கொலுவில் ஒரு போர்ப் பதக்கம்

அமெரிக்க ரயிலில் யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்ற துணிச்சலில், எதிரே இருந்தவரின் வழுக்கையை நான் என் மனைவியிடம் விரிவாக வர்ணித்ததுண்டு. அவர் இறங்கும்போது, "போய்ட்டு வரேன் சார்" என்றார். அன்றிலிருந்து ரயிலில் நான் வாயைத் திறப்பதில்லை.

தொண்ணூற்றேழு நவராத்திரியின்போது, நியூயார்க் போகும் காலை ரயிலில் என் முன் இருக்கையில் ஒரு தமிழ்த் தம்பதி.

"ஏங்க, அந்த மெடலைக் கொலுவிலேர்ந்து எடுத்துடுங்க."

"கொலு முடியாம எதையும் நகர்த்தக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

"அது என்ன சாமி பொம்மையா? பக்கத்து வீட்டு கிரேஸ் சுண்டலுக்கு வந்தாங்க. உங்க கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் நேவில, ஆப்பிரிக்கா சண்டைக்காக வாங்கினதுன்னு பெருமையா காட்டினேன். அதுல இருந்த ஊர்ப் பேரைப் படிச்சிட்டு, 'எங்க பாட்டி ஊரு இது. கப்பல்ல வந்து கொளுத்தினாங்க'ன்னாங்க. நாம அதுக்குச் சந்தனம் குங்குமம் வேற வச்சிருக்கோம்!"

"தாத்தா பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவரு. அவரா சுட்டாரு?"

"கரி போடாம கப்பல் அங்க போச்சா?"

இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் கணவர் ஜன்னலைப் பார்த்தபடி, "சாயங்காலம் எடுத்துடறேன். கிரேஸ் வீட்டுக்கு நீயும் கூட வா. தனியா எந்த மூஞ்சியோட போவேன்?" என்றார்.

வீட்டில் மனைவியிடம் இதைச் சொல்லி, கொள்ளுத்தாத்தா கரி அள்ளினார் என்று அந்த மனிதர் ஒப்புக்கொண்டதே பெரிய மனசு என்றேன்.

"நீங்களா இருந்தா கேப்டன்னு சொல்லியிருப்பீங்க" என்றாள்.